மணற்காட்டு இலை

பெட்டிகள் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வரும். லா ஷப்பலில் மெற்றோ ரெயில் நிலத்துக்கு மேலே இரும்புத் தூண்களில் ஓடுகிறது. அந்தப் பாதையைப் பார்த்தபடி நின்ற பழைய கட்டடத்தில் ஐந்தாம் மாடி, லிப்ற் கிடையாது. பெட்டி கொண்டுவருகிற யோன் தன் வான் வண்டியைக் கீழே ஒரு சக்கரம் நடைபாதையில் ஏற்றி நிறுத்திவிட்டு, தோளுக்கு ஒரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு ஏறுவான். மூன்றாம் மாடி வளைவில் ஒருமுறை நின்று இளைப்பாறுவான். அந்தச் சத்தம் கேட்டதும் பியட்றிஸ் கதவை அகலத் திறந்து, கட்டி முடித்த மலர்வளையங்களை ஒவ்வொன்றாகப் படிக்கட்டுத் தலைப்பில் சாய்த்து வைப்பாள்.

ஒரே அறைதான். ஒரு மூலையில் அடுப்பு, மறுமூலையில் கட்டில், நடுவில் வேலை மேசை. கழிப்பறை வெளியே, அந்த மாடியில் இருந்த மூன்று குடித்தனத்துக்கும் பொது. இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் மெற்றோ போகும்போது மேசையிலிருந்த கம்பிச்சுருள் தானாக அரை அங்குலம் நகரும்.

பியட்றிசுக்கு ஊர் பேசாலை, வயது முப்பத்தொன்று. அவளுடைய புருஷன் மரியரட்ணம் பாசையூர்க்காரன், முப்பத்தெட்டு. பெரிய தெரு ஒன்றில் உள்ள ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினான். அவனுடைய வேலைக்குக் கடதாசி எதுவும் கிடையாது. காசைக் கையில் கொடுப்பார்கள், பெயரை எங்கேயும் எழுதமாட்டார்கள். கடதாசி இருந்தது பியட்றிசின் வேலைக்குத்தான். வில்லியே லே பெல்லுக்கு அப்பால் பூவேலைக் கொட்டகை வைத்திருந்த முசியு பெர்த்தியே அவளை வீட்டிலிருந்து வேலை செய்பவளாகப் பதிந்து, மாதக் கடைசியில் சம்பளச் சீட்டுக் கொடுத்தார். ஏழு வயது மகள் ஜெசிந்தா மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருந்தாள். பிள்ளையைக் கூப்பிடுவதற்கு அறை வேண்டும், இடைவிடாத பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டு வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மாசியில் தொடங்கிய வேலை. 1988 ஐப்பசி பிறந்தபோது எட்டுச் சீட்டுச் சேர்ந்திருந்தது.

கோடை முடியும்வரை வந்தவை சாதாரணப் பச்சை இலைகள். புரட்டாதியில்தான் இந்தப் புது இலை வரத் தொடங்கியது. பச்சையென்று சொல்ல முடியாது. சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம், மேலே மாப் பூசினதுபோல் ஒரு தூள். இலை தோல் மாதிரித் தடிப்பு, சோடி சோடியாக எதிரெதிரே நின்றது. தண்டு உருண்டையாக இல்லை. நாலு மூலை வைத்து, செதுக்கின மரச்சட்டம்போல் இருந்தது. பிஞ்சுக் காய்கள்கூடச் சின்னச் சதுரப் பெட்டிகள்.

முதல் பெட்டியைப் பிரித்த அன்று யோன் வாசற்படியில் குந்தியிருந்து தண்ணீர் குடித்தான்.

"இது என்ன இலை தம்பி? மணம் மண்டைக்கு ஏறுது."

"யூக்கலிப்டஸ் அக்கா. பெர்த்தியே தெத்ரகோனா எண்டுறான்."

"நுவரெலியாவில நிக்கிறதெல்லோ யூக்கலிப்டஸ். அது வானம் முட்டுற மரம்."

"இது அந்தச் சாதி இல்லை. ஒஸ்ரேலியாவில மணல் பத்தைக்காட்டில நிக்கிறதாம். மழை தண்ணி காணாத வெறும் மணல். மரமெண்டும் சொல்லேலாது, ஆளுயரப் பத்தை. இப்ப இஞ்சை தெற்கில கடற்கரைப் பக்கம் நட்டு, வெட்டி அனுப்புறாங்கள். துசானுக்கு, அதுதான் கார்த்திகை முதலாந் திகதி சகல புனிதர் திருநாளுக்கு, சனம் கல்லறைக்கு வைக்க இந்த வெள்ளை இலை வளையந்தான் கேக்குதாம்."

"மணல்ல நிண்டா இலை இப்பிடித்தான் தடிக்கும்," என்றாள் பியட்றிஸ். "கிடைக்கிற கொஞ்சத்தையும் வெளிய விடாது."

"இன்னொண்டு. இலையில கை படக் கூடாது. அந்த மாத்தூள் அழிஞ்சு விரல் அடையாளம் விழுந்தா அவன் வளையத்தைத் திருப்பி அனுப்பிப்போடுவான். தண்டில பிடிச்சு வேலை செய்யுங்கோ."

அவள் தண்டில் பிடித்தே வேலை செய்தாள். அடிப்பக்கத்து நாலு சோடி இலையை உருவி, நீளம் பார்த்துப் பிரித்து, வைக்கோல் வளையத்தில் ஒன்றின் மேலொன்று சாய்த்து, பச்சைக் கம்பியால் சுற்றி இறுக்க வேண்டும். உருவும்போதெல்லாம் மணம் கிளம்பும். மின்சார அடுப்பின் சூடு பட்டதும் அது இன்னும் விரிந்து, திரைச்சீலை, தலையணை, சோற்றுப்பானை மூடி எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்தது. இரண்டாம் கிழமையில் குடிக்கிற தேத்தண்ணியிலும் அந்த மணம்தான்.

நாலாம் மாடியில் இருந்த ஜெனவியேவுக்கு அது பிடித்துப்போயிற்று. புதுச்சேரிக்காரி, ஐம்பது தாண்டியவள், தபாலகத்தில் வேலை. பிரெஞ்சுக் குடியுரிமை அவளுடைய தாத்தா காலத்தியது. பியட்றிசின் பெயரை எப்போதும் பிரெஞ்சு வாயால் பியத்ரீஸ் என்பாள்.

"பியத்ரீஸ், உங்க வாசன எங்க வீடு வரைக்கும் வருதும்மா. எனக்கு வருஷா வருஷம் ஒத்தோன்ல, இந்த இலை கொட்டுற காலத்துல, மூக்கடைச்சுக்கும். இந்த வருஷம் ஒண்ணுமே இல்ல. வீட்டையே பார்மசியாக்கி வெச்சிருக்கே நீ."

எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். யூக்கலிப்டஸ் என்றால் நெஞ்சுக்கு மருந்து. போத்தலில் விற்கிற எண்ணெயைச் சின்ன வயதில் மூக்கில் தடவாத ஆள் உண்டா?

மரியரட்ணம் மட்டும் எதுவும் சொல்லவில்லை.

அவனுக்கு மத்தியான வேலை மூன்று மணிக்கு முடியும். பின்னேர வேலைக்கு ஆறரைக்குத் திரும்பவும் போக வேண்டும். முன்பெல்லாம் இடையில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கட்டிலில் ஒரு மணித்தியாலம் கண்ணயர்வான். கைகள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும். பியட்றிஸ் கம்பியைச் சுற்றிக்கொண்டே அன்றைய கதைகளைச் சொல்வாள். புரட்டாதி நடுவிலிருந்து அந்த வழக்கம் குலைந்தது. வருவான், ஜக்கற்றைக் கழற்றமாட்டான். நின்றபடியே நாலு வாய் சாப்பிடுவான், கண் கதவிலேயே இருக்கும்.

"இருந்து சாப்பிடுங்கோவன். மீன் குழம்பு வைச்சிருக்கிறன்."

"எங்கட சமையல் செவ் கெதியா வரச் சொன்னவன். ஓவர்ரைம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஆள் குறைவு."

இரவிலும் கட்டிலை விட்டுவிட்டு ஜன்னலடியில் படுத்தான். ஜன்னலைத் திறப்பான். குளிர் உள்ளே வரும், மெற்றோ இரைச்சல் வரும். பியட்றிஸ் எழும்பிச் சாத்துவாள். விடியப் பார்த்தால் அது மறுபடி திறந்து கிடக்கும். ஒருநாள் எரிச்சலில் கேட்டாள்.

"நான் பக்கத்தில படுக்கிறதும் உங்களுக்கு இப்ப ஒத்துவருதில்லையோ?"

"அப்பிடியில்லை பியட்றிஸ். சும்மா விடும்."

'சும்மா விடும்' என்ற சொல் அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. அந்த வெள்ளிக்கிழமை யோன் பெட்டியை இறக்கிவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று கழுத்தைச் சொறிந்தான்.

"அக்கா, அண்ணைக்கு வேலை போயிற்றோ?"

"ஏன்?"

"ரெண்டு மூண்டு தரம் கண்டனான். ஸ்டாலின்கிராட் மெற்றோவடியில, வாய்க்கால் தண்ணிக் கரையில வாங்குப் பலகையில இருக்கிறார். நாலு மணிபோல. நான் ஹோர்ன் அடிச்சும் திரும்பயில்லை."

"அவருக்கு அங்கை ஆரோ தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவைத்தாள். அவன் போனபிறகு மேசையில் உட்கார முடியவில்லை. ஒரு கொப்பை எடுத்தாள், வைத்தாள். இலையில் விரல் பட்டு அடையாளம் விழுந்தது. குடியாக இருக்குமோ? சூதாக இருக்குமோ? அவள் நினைக்க விரும்பாத மூன்றாவது ஒன்றும் இருந்தது. பன்னிரண்டு சீட்டுக்காக அவள் இந்த நாலு சுவருக்குள் கம்பி சுற்றுகிறாள், அவர் அங்கே தண்ணிக் கரையில் யாரோடு இருக்கிறார்?

திங்கட்கிழமை அவன் படியிறங்கி ஐந்து நிமிடத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு அவளும் இறங்கினாள். மெற்றோப் பாலத்தின் கீழே மரக்கறிப் பெட்டிகளுக்கும் சிகரெட் விற்பவர்களுக்கும் இடையே அவனுடைய பழுப்பு ஜக்கற்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. ரெஸ்ரோறண்டுப் பக்கம் திரும்ப வேண்டிய சந்தியில் அவன் திரும்பவில்லை. நேரே போனான். அவனுடைய நடை அவளுக்கு விசித்திரமாகப்பட்டது. பத்து அடி நடந்து ஒரு கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் நிற்பான், பிறகு பத்து அடி. கண்ணாடிக்குள்ளே இருந்ததோ குழாய்ச் சாமான்.

ஸ்டாலின்கிராட்டில் தண்ணீர் விரிந்து கிடந்தது. அதன்மேலே வந்த காற்று ஊசிபோல் குத்தியது. அவன் வாங்கில் உட்கார்ந்தான். யாரும் வரவில்லை. இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்களை உயர்த்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தான். பியட்றிஸ் ஒரு மரத்தடியில் கால் மரத்துப்போகும்வரை நின்று பார்த்தாள். ஒரு பொம்பிளை வந்திருந்தால்கூட அவளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். தனியே, குளிருக்குள், வாயைத் திறந்தபடி இருக்கிற மனிசனை என்ன செய்வது?

கடைசியில் போய்ப் பக்கத்தில் இருந்தாள். அவன் திடுக்கிடவில்லை. வாயை மூடிக்கொண்டான்.

"இஞ்சை என்ன செய்யிறியள்?"

"காத்து வாங்க வந்தனான்."

"ஓவர்ரைம் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டோ?"

"அடுப்படியில ஒரே புகை. கொஞ்ச நேரம் இஞ்சை இருந்தா நல்லாயிருக்கு."

சொல்லி முடிக்க முன்னம் இருமல் வந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் அவளுக்குக் கேட்டது. கேட்டதும் அவளுடைய கோபமெல்லாம் இறங்கி, வேறொன்று ஏறியது.

"நெஞ்சில சளி கட்டியிருக்கு. இந்தக் குளிருக்க வந்து இருந்தா கட்டாமல் என்ன செய்யும்? சொன்னா என்ன குறைஞ்சே போவியள்? எழும்புங்கோ."

"நான் இப்பிடியே வேலைக்குப் போறன். நீர் போம். பெட்டியள் கிடக்கு."

அன்றைக்கே ஜெனவியேவிடம் சொன்னாள். ஜெனவியேவ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வீடு முழுக்க மருந்த வெச்சிக்கிட்டு என்னைக் கேக்குற பாரு. இலைய வெந்நீர்ல போட்டு நல்லாக் கொதிக்க வெச்சு, போர்வையப் போத்தி ஆவி புடிக்கச் சொல்லு. பத்து நிமிஷம். சளி கரைஞ்சு வந்துரும். எங்கப்பாவுக்கு நான் அப்படித்தான் செய்வேன்."

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து வந்தார்கள். அவனுக்கு அன்று விடுமுறை, வெளியே போகச் சாட்டு இல்லை. துசானுக்குப் பத்து நாள்தான் இருந்தது. சுவரோரம் பதினாலு பெட்டிகள் ஆளுயரத்துக்கு நின்றன. பியட்றிஸ் மத்தியானச் சாப்பாட்டைப் பிந்தப்போட்டு, பெரிய சட்டியில் தண்ணீர் வைத்தாள். நல்ல தடித்த இலையாகப் பார்த்து இரண்டு பிடி உருவினாள், பெர்த்தியேயின் கணக்கில் குறைந்தாலும் பரவாயில்லை என்று. கொதித்ததும் அறையே மங்கியது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது.

மரியரட்ணம் கட்டில் ஓரத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம் பியட்றிஸ். எனக்கு இப்ப சுகம்."

"சுகமெண்டா ஏன் பூசையில இருமினனீங்கள்? சாமியாரே திரும்பிப் பாத்தவர். வாங்கோ. பத்து நிமிசம்."

இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள். ஆவி அவளுடைய முகத்தில் அடித்தது, அவளுக்குக் கண் கூசி நெஞ்சு குளிர்ந்தது. அவன் சட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு முழங்காலில் கையூன்றி முகத்தைக் குனிந்தான். அவள் சட்டியை முக்காலியில் வைத்துப் போர்வையைத் தலைக்கு மேலால் போர்த்து, ஓரங்களைக் கையால் பொத்திப் பிடித்தாள்.

"நல்லா இழுங்கோ. உள்ளுக்க போக வேணும்."

போர்வைக்குள் முதுகு ஏறி இறங்கியது. சளி கரைகிறது என்று நினைத்தாள். இரண்டு மெற்றோ போயின. மூன்றாவது போகும்போது முதுகு ஏறியது, இறங்கவில்லை. ஒரு கை வெளியே வந்து காற்றில் எதையோ தேடியது. போர்வையை இழுத்து எறிந்தாள். உதடு நீலம். கண்கள் பிதுங்கி அவளையே பார்த்தன, ஆனால் அவளை எதுவும் கேட்கவில்லை. சட்டி கவிழ்ந்து இலையும் வெந்நீரும் தரையெல்லாம் ஓடின.

அவள் படிக்கட்டில் இறங்கியது அவளுக்கு ஞாபகம் இல்லை. ஜெனவியேவின் கதவை இரண்டு உள்ளங்கையாலும் அடித்தது மட்டும் ஞாபகம். ஜெனவியேவ் போனைச் சுழற்றி, பொம்ப்பியேக்களுக்கு, அதுதான் தீயணைப்புக்காரருக்கு, ஒரே மூச்சில் விலாசம் சொன்னாள். அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அறைக்குள் கால் வைத்ததும் ஒருவன் முதலில் ஜன்னலைத்தான் திறந்தான். முகத்தில் காற்று மூடியை மாட்டி, நாற்காலியில் கட்டி, ஐந்து மாடியும் தூக்கிக்கொண்டு இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணித்தியாலம் கழித்து மூச்சு ஒரு வழிக்கு வந்தது. வைத்தியர் ஒரு இளம் பெண். மரியரட்ணம் முகமூடியோடு சாய்ந்து கிடந்தான். ஜெனவியேவ் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

"அஸ்மாவாம். முன்னால இருந்திச்சான்னு கேக்குறாங்க."

அவன் முகமூடியைச் சற்று விலக்கினான். "சின்னனில முட்டு இருந்தது. பன்னிரண்டு வயசோட விட்டிட்டுது."

பியட்றிஸ் அவனைப் பார்த்தாள். கலியாணம் பேசும்போது அவனுடைய வீட்டில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

"வீட்ல என்னா இருக்குன்னு கேக்குறாங்க. பூனை, நாய், பழைய கார்ப்பெட், பெயிண்ட், ஏதாவது?"

"ஒண்டுமில்லை," என்றான் அவன், கேள்வி முடிய முன்னமே.

வைத்தியர் எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். மூக்கைச் சுருக்கினார். பியட்றிசின் பக்கம் குனிந்து, அவள் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் கையை இரு விரலால் பிடித்து மோந்தார். ஏதோ கேட்டார். ஜெனவியேவ் உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம் அக்கா?"

"இது என்னா வாசனன்னு கேக்குறாங்க."

ஜெனவியேவ் பதில் சொல்லச் சொல்ல அவளுடைய முகம் மாறியது. பதினாலு பெட்டி, ஒரே அறை, அடுப்புச் சூடு, ஆவி. வைத்தியர் பேனாவை வைத்துவிட்டார். மரியரட்ணம் முகமூடிக்குள்ளே இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினான். இவ்வளவு பலமாக அவன் தலையாட்டினதை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

"எல்லாருக்கும் இல்லியாம்," என்றாள் ஜெனவியேவ் மெதுவாக. "சில பேருக்கு அந்த எண்ணெய் நெஞ்சுக் குழாய அப்படியே இறுக்கிடுமாம். அந்த எல அவரு இருக்குற வீட்ல ஒரு நாளும் இருக்கக் கூடாதாம். நான்தானேம்மா ஆவி புடிக்கச் சொன்னேன்." அவள் கைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வைத்தியரும் போனபின் பியட்றிசும் அவனும் தனியே இருந்தார்கள். இயந்திரம் சீறிக்கொண்டிருந்தது.

"எப்ப தொட்டுத் தெரியும்?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

"கேக்கிறன்."

"முதல் பெட்டி வந்த கிழமையே. வீட்டை விட்டு வெளிக்கிட்டா விடும். வந்தா பிடிக்கும். ரெண்டு நாள் பாத்தன், பிடிபட்டிட்டுது."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லயில்லை?"

"சொன்னா நீர் வேலையை விட்டிருப்பீர். எட்டுச் சீட்டு சேந்திட்டுது. இன்னும் நாலு. துசான் முடிய வேற இலை வரும், அதுவரைக்கும் வெளிய திரிஞ்சு சமாளிக்கலாம் எண்டு பாத்தன்."

"ஆவி பிடிக்கேக்கையும் தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுமோ குனிஞ்சனீங்கள்?"

அவன் முகமூடியை ஒரு விரலால் விலக்கினான்.

"நீர் சட்டியைத் தூக்கிக்கொண்டு நிண்டனீர்," என்றான்.

பியட்றிஸ் அழவில்லை. எழும்பி அந்த அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள். அவனோடு சண்டை பிடிக்க வேண்டும்போல் இருந்தது. காலைப் பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது. கம்பளிச் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் குப்பைத் தொட்டிக்குள் திணித்துவிட்டு, மெல்லிய சட்டையோடு வீடு வந்தாள்.

அன்று பின்னேரமே பெட்டிகளை இறக்கத் தொடங்கினாள். ஜெனவியேவும் கூடப் பிடித்தாள். ஐந்து மாடி, பதினாலு பெட்டி. கீழே வாசல் ஒடுக்கத்தில் அடுக்கினார்கள். கட்டடக் காவல்காரி வந்து சத்தம் போட்டாள். ஜெனவியேவ் அதைவிடப் பெரிய சத்தம் போட்டாள். அடுத்த நாள் விடிய, சுவரை வினாகிரித் தண்ணியால் துடைத்தாள். துணி வெள்ளையாகத் திரும்பி வந்தது. மாத்தூள் கட்டில் காலில் இருந்தது, பல்பில் இருந்தது, அரிசி வாளியின் விளிம்பில் இருந்தது. திரைச்சீலையைக் கழற்றி எறிந்தாள். தலையணையை எறிந்தாள். துடைக்கத் துடைக்க, இத்தனை நாளும் இதையா அவர் இழுத்தார், இதையா இழுத்தார் என்று ஒரே எண்ணம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை யோன் புதுப் பெட்டிகளோடு வந்து, வாசலில் பழையவை நிற்பதைப் பார்த்துத் திகைத்தான். கதையைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"அக்கா, இந்தக் கிழமை வேலையை விட்டா பெர்த்தியே பேரை வெட்டிப்போடுவான். துசான் முடியட்டும் எண்டு சொல்லிப் பாப்பமோ?"

"நான் வேலையை விடயில்லை. என்னையும் பெட்டியளையும் வான்ல ஏத்தும்."

வில்லியே லே பெல்லுக்கு அப்பால், வயல்வெளி ஓரத்தில் இருந்தது அந்தக் கொட்டகை. தகரக் கூரை, சூடு கிடையாது, இலை வாடாமல் இருக்க வேண்டுமே. ஏழெட்டுப் பெண்கள் நீள மேசையில் நின்றபடி வளையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெர்த்தியே கட்டையான மனிதர், விரலெல்லாம் கம்பி கீறிய தழும்பு. கதையை யோன் பிரெஞ்சில் சொன்னான். அவர் நம்பாமல் ஒரு இலையைக் கசக்கி மோந்தார்.

"இந்த இலையா? இருமல் மிட்டாயே இதில்தான் செய்கிறார்கள்."

பியட்றிஸ் தனக்குத் தெரிந்த பிரெஞ்சைத் திரட்டினாள். "மரி," என்றாள், புருஷன். "லொப்பித்தால்," என்றாள், ஆஸ்பத்திரி. பிறகு இரண்டு கையையும் தன் கழுத்தில் வைத்து இறுக்கிக் காட்டினாள்.

பெர்த்தியே இலையைக் கீழே போட்டார்.

"நீ வீட்டிலிருந்து வேலை செய்பவளாகத்தான் பதிந்திருக்கிறாய். இங்கே மேசையில் இடம் தரலாம், துசானுக்கு ஆள் தேவைதான். ஆனால் அது வேறு ஒப்பந்தம். பழையதை முடித்துப் புதிதாக எழுத வேண்டும்."

யோன் மொழிபெயர்த்தான். பியட்றிஸ் தலையசைத்தாள். "முடிக்கக் கூடாது எண்டு சொல்லும். முடிச்சா எட்டும் போச்சு. ஒரு நாள்கூட இடைவெளி விழக் கூடாது. வேலை செய்யிற இடத்தை மட்டும் மாத்தி எழுதேலுமோ எண்டு கேளும்."

"அவன் எரிச்சல்படுவான் அக்கா."

"படட்டும். கேளும்."

யோன் கேட்டான். பெர்த்தியே எரிச்சல்பட்டார். இந்த நெருக்கடியில் கடதாசிக்கு யாருக்கு நேரம் என்றார். பியட்றிஸ் மேசையில் காலியாக இருந்த இடத்தில் போய் நின்று, கொப்பைத் தண்டில் பிடித்து உருவத் தொடங்கினாள். ஒரு வளையத்தைக் கட்டி முடித்து அவர் முன்னால் நீட்டினாள். ஒரு விரலடையாளம் இல்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த காரியதரிசியைக் கூப்பிட்டு ஏதோ பேசினார்.

"ஒரு வரி சேர்த்து எழுதினாப் போதுமாம்," என்றான் யோன். "பழைய ஒப்பந்தமே ஓடுமாம். ஆனா காலமை ஆறு மணிக்கு இஞ்சை நிக்க வேணும்."

அதன்பிறகு விடிய முன்னம் கார் து நோர் நிலையத்தில் ரெயில் பிடித்து, பஸ் மாறி, கொட்டகைக்குள் நின்றாள். தகரத்தில் பனி உறைந்து கிடக்கும். விரல் வெடித்தது. பக்கத்தில் நின்ற போர்த்துக்கல் பெண் விரல் நுனிகளை வெட்டிய தன் பழைய கையுறைகளைக் கொடுத்தாள்.

மரியரட்ணத்தை வியாழக்கிழமை வீட்டுக்கு விட்டார்கள், நெஞ்சுக்கு அடிக்கிற சின்ன மருந்துக் குழாய் ஒன்றோடு. அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்த பியட்றிஸ் கோட்டைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள். அவன் வெள்ளையாகத் துடைத்த அறையில் கட்டிலில் இருந்து சிரித்தான். கிட்டப் போய்த் தலையைத் தடவினாள். மூன்று நிமிடம் ஆகவில்லை, அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் தொடங்கியது. அவன் குழாயைத் தேடினான். பியட்றிஸ் அவனைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து கதவுக்கு வெளியே போனாள்.

"எங்கை போறீர்?" என்றான் உள்ளேயிருந்து.

"என்ர தலைமயிரில கிடக்கு. தோலில கிடக்கு."

"குழாய் அடிச்சிட்டன், நிக்கும். வாரும் உள்ளுக்கு."

"பொய் சொல்லாதேங்கோ இனி," என்றாள் கதவுக்கு வெளியே நின்று. "சமாளிக்கிறன் எண்டு ஒருக்காலும் சொல்லாதேங்கோ. பிடிச்சா பிடிக்குதெண்டு சொல்ல வேணும். அது ஒண்டுதான் நான் கேக்கிறது."

உள்ளே மருந்துக் குழாய் மறுபடி ஒருதரம் சீறியது.

"பிடிக்குது," என்றான்.

இரண்டு தெரு தள்ளி, வீட்டில் குளியலறை இல்லாதவர்களுக்காக மாநகரசபை நடத்துகிற குளிப்பிடம் இருந்தது. வரிசையில் கட்டடவேலை முடித்து வந்த அல்ஜீரியர்கள், ஒரு கிழட்டுப் பிரெஞ்சுக்காரர், அவள். ஒருவருக்கு இருபது நிமிடம். இருபதாவது நிமிடம் காவல்காரி கதவில் திறப்பால் தட்டுவாள். சவுக்காரத்தால் தலையை மூன்று தரம் தேய்த்தாள். நகத்துக்குள் தேய்த்தாள். வேலைக்குப் போட்ட உடுப்பைப் பிளாஸ்ரிக் பையில் கட்டி ஜெனவியேவின் வீட்டில் விட்டாள். ஈரத் தலையோடு படியேறி வாசலில் நின்றாள். அவன் கிட்ட வந்து மூச்சு இழுத்துப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு."

சொல்லும்போது அவனுடைய முகம் வாடிப்போயிற்று. அவளுக்கோ உள்ளே ஏதோ ஆறியது. திரும்பி இறங்கினாள், மறுபடி வரிசையில் நின்றாள்.

துசான் முடிந்தது. பெர்த்தியே அவளை நிறுத்தவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கும் அதே இலை வந்தது, பிறகு கலியாணங்களுக்கு வந்தது. அவள் அந்தக் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு பின்னேரமும் குளிப்பிடத்துக்குப் போனாள். தலைமயிரைத் தோளளவுக்கு வெட்டினாள். இரண்டு தரம் தடிமன் பிடித்து, காய்ச்சலோடும் போனாள். சில நாள் அவன் 'கிடக்கு' என்றான், சில நாள் 'இல்லை' என்றான். ஒருநாள் அவன் 'இல்லை' என்று சொன்ன பிறகும் அவள் நம்பாமல் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். உண்மையைத்தான் சொல்லியிருந்தான். மகளின் தொசியே, அந்த விண்ணப்பக் கோப்பு, பங்குனியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிள்ளை வந்து சேர அந்த ஆண்டின் கார்த்திகை ஆயிற்று, நடுவில் எத்தனையோ இழுபறி.

அதற்கெல்லாம் முன்னம், தை மாதக் கடைசி நாளன்று பன்னிரண்டாவது சீட்டைக் காரியதரிசி அவளுடைய கையில் கொடுத்தாள். பியட்றிஸ் அதை இரண்டு பிளாஸ்ரிக் பைக்குள் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். ரெயிலில் இடம் கிடைத்தும் இருக்கவில்லை. கார் து நோரிலிருந்து நேரே வீட்டுக்கு ஓடலாம், பத்து நிமிடம். குளிப்பிடத்து வரிசையில் முக்கால் மணித்தியாலம் நின்றாள்.

ஐந்தாம் மாடியில் கதவு திறந்திருந்தது. மரியரட்ணம் வாசலில் நின்றான். அன்றைக்கு என்ன நாள் என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. மயிரிலிருந்து சொட்டிய நீர் கழுத்தடியில் ஊர்ந்து முதுகில் இறங்கியது. அவன் குனிந்து அவளுடைய உச்சியில் மூக்கை வைத்து இழுத்தான், விட்டான். இன்னொரு தரம் இழுத்தான். மெற்றோ ஒன்று போய் இரைச்சல் அடங்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். அவனுடைய மூச்சு சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. பியட்றிஸ் மனதுக்குள் பத்து எண்ணினாள்.

அதற்குப் பிறகுதான் சப்பாத்தைக் கழற்றினாள்.